மே மாதத்தில் என்ன பரீட்சை?

கேள்வி: ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 43. இரண்டு வருடம் உழைத்து 'சந்தை' என்ற சீட்டு விளையாட்டை உருவாக்கியிருக்கிறேன். 60 சீட்டு, நான்கு பேர். ஆளுக்கு 10 காசு. வீட்டில் அதற்குப் புளியங்கொட்டை வைத்துக்கொள்கிறோம். தக்காளி, வெங்காயம், முருங்கை என ஆறு சரக்கு. ஏலத்தில் எடுத்து, விலை ஏறும்போது விற்க வேண்டும். காசு தீர்ந்தவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். ஓர் ஆட்டம் 45 நிமிடம். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆறாவது படிக்கும் மகள் மட்டும் இப்போது பரீட்சை என்று வருவதில்லை, அவளுக்குப் பதில் பக்கத்து வீட்டுப் பையனைச் சேர்த்துக்கொண்டோம். சிவகாசியில் 1,000 செட் அடிக்கப் போகிறேன். மனைவியின் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைக்க அவரும் சம்மதித்துவிட்டார். யூனோ என்ற அமெரிக்கச் சீட்டு விளையாட்டை உருவாக்கியவரும் சொந்தப் பணத்தில் 5,000 செட் அடித்தவர்தானே? என் விளையாட்டை யாரும் திருடாமல் காப்பது எப்படி? (பெயர் வேண்டாம்)

பதில்: கடிதத்தின் தலையில் மே 11 என்று தேதி போட்டிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்புக்கு முழுப் பரீட்சை ஏப்ரலிலேயே முடிந்து, பிள்ளைகள் லீவில் இருக்கிற நேரம். மே 11-ல் உங்கள் மகளுக்கு என்ன பரீட்சை?

அவள் சாக்குச் சொல்கிறாள். ஏன் என்பதற்கும் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "காசு தீர்ந்தவர் வெளியேற வேண்டும்." கையில் 10 புளியங்கொட்டை, எதிரே ஏலம் கேட்டுப் பழகிய அப்பா. பதினொரு வயதுப் பிள்ளை முதல் இரண்டு சுற்றிலேயே ஆசைப்பட்டு ஏழு எட்டுக் காசைத் தக்காளிக்குக் கொட்டிவிடும். தக்காளி விலை விழுந்தால் பத்தாவது நிமிடத்தில் அது வெளியே. மீதி 35 நிமிடம் நீங்கள் மூவரும் ஆடுவதைச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாலு ஞாயிறு இப்படிப் போனால் ஐந்தாவது ஞாயிறு யாருக்குமே பரீட்சை வந்துவிடும். பிடிக்கவில்லை என்று சொன்னால் அப்பா மனசு நோகும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அது பொய்தான் என்று கண்டுபிடிக்க உங்களுக்கு நேரமில்லை.

'எல்லோருக்கும் பிடித்துவிட்டது' என்று எப்படி எழுத மனம் வந்தது? உங்கள் விளையாட்டைப் பற்றி உண்மையான தீர்ப்புச் சொன்னவள் அவள் ஒருத்திதான். தீர்ப்புப் பிடிக்காததால் நீதிபதியை மாற்றிப் பக்கத்து வீட்டுப் பையனை உட்கார வைத்துவிட்டீர்கள்.

யூனோ கதையையும் பாதியில் பிடித்திருக்கிறீர்கள். 1971-ல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ரீடிங் என்ற ஊரில், முடிதிருத்தும் கடை வைத்திருந்த மெர்ல் ராபின்ஸ் 8,000 டாலர் போட்டு 5,000 செட் அடித்தது நிஜம். ஆனால் குடும்பத்தாரும் நண்பர்களும் அதை மேலும் மேலும் ஆட ஆரம்பித்த பிறகுதான் பணத்தை வெளியே எடுத்தார். உங்கள் வீட்டில் ஆள் குறைகிறது, நீங்கள் அச்சகத்துக்கு விலை கேட்கிறீர்கள்.

முதலில் விதியைச் சரிசெய்யுங்கள். சந்தையில் காசு தீர்ந்த வியாபாரி வீட்டுக்கா போய்விடுகிறார்? கடன் சொல்லிச் சரக்கு எடுக்கிறார். கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிற உங்களுக்கு இது தோன்றாமல் போனது ஆச்சரியம்தான். நான்கு கடன் சீட்டு சேருங்கள். காசு தீர்ந்தவர் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு பொதுப் பானையிலிருந்து மூன்று காசு வாங்கட்டும், விற்றதும் நான்காகத் திருப்பட்டும். கடனைப் பணக்கார ஆட்டக்காரர் கொடுப்பதாக வைத்துவிடாதீர்கள். வட்டியும் அவருக்கே போய், முந்துகிறவர் மேலும் முந்துவார். ஏலம் ஒரே சுற்றுதான், ஆளுக்கு ஒரு தடவைதான் கேட்கலாம் என்றால், கடைசியாகக் கேட்பவருக்கே அனுகூலம். அந்த இடத்தைக் குறைந்த காசு வைத்திருப்பவருக்குக் கொடுங்கள். ஆட்டம் எட்டுச் சுற்றோடு முடியட்டும். 45 நிமிடம் தானாகக் குறையும்.

ஒரு நேரத்தில் ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஆட்டத்துக்கு ஒரு பக்கம் நோட்டில் எழுதுங்கள்: யாருக்கு எத்தனையாவது நிமிடத்தில் காசு தீர்ந்தது, யார் எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார், யார் முதலில் செல்போனை எடுத்தார். இதுவரைக்கும் பழைய சீட்டுக்கட்டும் பிளாஸ்டிக் உறையும் போதும். உறைக்குள் பென்சிலில் எழுதிய தாளைச் செருகினால் விதி மாறும்போது தாளை மட்டும் மாற்றலாம்.

பிறகு உங்களைத் தெரியாத நாலு பேரிடம் பெட்டியையும் விதித்தாளையும் கொடுத்துவிட்டு மூலையில் வாய் திறக்காமல் உட்காருங்கள். "அப்புறம் என்ன பண்றது?" என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் இடமெல்லாம் விதித்தாளில் ஓட்டை. கடையில் வாங்குகிறவர் வீட்டுக்கு நீங்கள் போய் விளக்க முடியாது.

சங்கிலி விஷயத்துக்கு வருவோம். 'சம்மதித்துவிட்டார்' என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். மகளின் பரீட்சையை நம்பியவர் மனைவியின் சம்மதத்தை எப்படிப் படித்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம். பொழுதுபோக்குக்கு வீட்டு நகையை அடகு வைக்கக் கூடாது என்பது என் கட்சி. பழைய பஞ்சாங்கம் என்றால் இருந்துவிட்டுப் போகிறேன். 1,000 செட் விற்க இரண்டு வருடம் ஆனாலும் வட்டி மாதாமாதம் வந்துகொண்டுதான் இருக்கும்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து 30 செட் டிஜிட்டலில் அடியுங்கள். 63 க்கு 88 மி.மீ. சீட்டு, நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மி.மீ. விட்டால் 69 க்கு 94. 12 க்கு 18 அங்குல ஷீட்டில் இது 18 சீட்டு பிடிக்கும். 54 சீட்டு என்றால் மூன்றே ஷீட். உங்கள் 60-க்கு நாலாவது ஷீட் வேண்டும், அதில் ஆறு சீட்டு அடித்துப் பன்னிரண்டு இடம் வீண். அதனால் சரக்கு ஆறுக்கும் ஏழு ஏழு சீட்டு, விலைச் சீட்டு எட்டு, கடன் சீட்டு நான்கு என்று 54-க்குக் கொண்டுவாருங்கள். 300 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) குறையாத போர்டு, லேமினேஷன் இரண்டு பக்கமும். காசு மிச்சம் என்று ஒரு பக்கம் மட்டும் போட்டால் மழைக்காலத்தில் சீட்டு அப்பளம் மாதிரி வளையும்.

சரக்கின் பெயரும் படமும் இடது மேல் மூலையில் இருக்க வேண்டும். சீட்டை விசிறியாகப் பிடித்தால் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு விரல் அகலம்தான். தக்காளியும் மிளகாயும் இரண்டும் சிவப்பு என்றால் மாலை வெளிச்சத்தில் சண்டை வரும். பின்பக்கத்தில் வெள்ளைக் கரை வேண்டாம். கட்டிங்கில் ஒரு மி.மீ. நகர்ந்தாலும் கரை கோணலாகி அந்தச் சீட்டு அடையாளம் தெரிந்துவிடும். ஓரம் வரை ஓடும் சின்னக் கோலம் எதையும் மறைக்கும். எழுத்தை கர்வ் ஆக்காமல், அதாவது கோட்டுருவமாக மாற்றாமல், ஃபைலைக் கொடுத்தால், அங்கே அந்த ஃபான்ட் இல்லாதபோது 'மொத்தம்' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். அட்டைப்பெட்டிக்கு டை (அட்டையை வெட்டும் அச்சு) போடுவதும் கடைசி வேலைதான். லேமினேஷனோடு 54 சீட்டை அடுக்கி உயரத்தை அளந்த பிறகு போடுங்கள்.

30 செட்டும் ஓடி, திரும்பக் கேட்டு ஆள் வந்தால் ஆஃப்செட், அதாவது பிளேட் செய்து அடிக்கும் முறை. பெரிய ஷீட்டில் 54-ம் ஒன்றாக அடிக்க முன்பக்கத்துக்கு நிறத்துக்கு ஒன்றாக நாலு பிளேட், பின்பக்கத்துக்கு நாலு. அந்தச் செலவு 200 அடித்தாலும் 1,000 அடித்தாலும் ஒன்றுதான்; அதனால்தான் 'ஆயிரமா அடிச்சா ரேட் குறையும்' என்பார்கள். எழுத்துப்பிழையும் ஆயிரம் பெட்டியில் போகும் என்பது ரேட்டில் வராது. ஆயிரம் செட் என்றால் 54,000 சீட்டு. அதைக் கட்டுக் கட்டாக அடுக்கப் போவது யார்? வீட்டு ஆட்களை மனதில் வைத்திருந்தால் இப்போதே கைவிட்டு, அச்சகத்திலேயே அடுக்கித் தரச் சொல்லிப் பேசுங்கள். ஒரு சீட்டு சுமார் 1.7 கிராம் இருக்கும், சின்ன மின்தராசில் வைத்தால் குறைகிற கட்டு தெரிந்துவிடும். பின்னால் குறைந்த சீட்டை மட்டும் தனியாக அடித்துச் சேர்க்காதீர்கள். பின்பக்க நிறம் துளி மாறினாலும் அந்தச் சீட்டை எல்லோரும் கண்டுபிடிப்பார்கள்.

திருட்டுப் பயத்துக்கு அதிகம் இடம் கொடுக்க மாட்டேன். ஆடும் முறைக்குக் காப்புரிமை கிடையாது, 1970-ம் வருடத்துப் பேட்டன்ட் சட்டம் 3(எம்) பிரிவு நேராகவே மறுக்கிறது. படமும் விதித்தாளின் வாசகமும் உங்கள் பதிப்புரிமை. பெயருக்கு, விளையாட்டுப் பொருட்களுக்கான 28-ம் வகுப்பில் டிரேட்மார்க் கேட்கலாம், ஆனால் 'சந்தை' என்ற பொதுச்சொல்லுக்குக் கிடைப்பது கஷ்டம். வேறு பெயர் யோசியுங்கள். பெட்டியில் '8 வயது முதல்' என்று போடுமுன் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் தரமுத்திரை கட்டாயம்.

இந்த ஞாயிறு பக்கத்து வீட்டுப் பையனை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். மகளிடம் பென்சிலையும் நான்கு வெற்றுச் சீட்டையும் கொடுத்து, கடன் விதியை அவளையே எழுதச் சொல்லுங்கள். "எந்த இடத்தில் போரடிச்சுது?" என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.