எழுதியவர் எதிரே இருக்கும்போது எப்படிக் குறை சொல்வது?

வணக்கம். மன்னார்குடி வாசகர் வட்டத்தில் ஓர் அறிவியல் புனைகதையைப் பற்றி, எழுதியவரே முன்வரிசையில் அமர்ந்திருக்க, அவர் மனம் நோகாமல் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். நானும் அதை ஆவலோடு வாங்கி ஏமாந்தவன்தான். 'பிடிக்கவில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். ஆற்றுநீரில் கை வைத்தாலே அது கடந்துவந்த வழியெல்லாம் தெரிந்துவிடும், கதையில் வரும் அந்த அநாதைச் சிறுவன், காலையில் மேட்டூரில் திறந்த தண்ணீரை அன்று மாலையே திருவாரூரில் தொட்டுப் பேசுகிறான். கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நான்கு நாள் ஆகும் என்பதும், அங்கிருந்துதான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள் என்பதும் நம் பக்கத்தில் வயல் வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். அந்த நாட்கணக்கான காத்திருப்பை எழுதியிருந்தால் கதைக்கு உயிர் வந்திருக்கும். அதைவிட எனக்கு உறுத்தியது, பெற்றோர் இல்லாதவன் யார் வீட்டில் சாப்பிடுகிறான், பள்ளியில் சேர்க்கும்போது யார் கையெழுத்திட்டார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லாததுதான். இவற்றைக் கேள்விகளாகவே கேளுங்கள். நாற்றங்கால் வரப்பில் குந்தி அவன் முதன்முதலாக நீரைத் தொடும் பக்கம் மட்டும் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அதை வாய்விட்டு வாசித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் அவரும் காதுகொடுத்துக் கேட்பார்.