திருப்பாச்சேத்தி அரிவாளை ஆன்லைனில் விற்க லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: திருப்பாச்சேத்தியில் அப்பா பட்டறை வைத்திருக்கிறார். கதிரரிவாள், வெட்டரிவாள், கறிக்கத்தி எல்லாம் அடிக்கிறோம். கடைக்காரர்கள் கேட்கிற விலைக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகவில்லை. ஆன்லைனில் நேரடியாக விற்கலாமா? லைசென்ஸ் எடுக்கணுமா? கூரியரில் வாங்குவார்களா?

பதில்: தாராளமாக விற்கலாம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்த பொருளுக்கு ஆயுத லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் "அலகு 9 அங்குலத்துக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வருகின்றன, வீடு, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கென வடிவமைத்தவை மட்டும் விலக்கு. உங்கள் வெட்டரிவாள் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும். அப்படியானால் அதைக் காப்பாற்றுவது அளவு இல்லை, எதற்காகச் செய்தது என்கிற அந்த ஒரே விஷயம்தான்.

பட்டறைக்கு நேரில் வருகிறவர் கருவேலம் வெட்ட வாங்குகிறாரா என்று அப்பாவுக்கு முகத்தைப் பார்த்தே தெரியும். ஆன்லைனில் அதைச் சொல்ல உங்களிடம் இருப்பது தலைப்பு, படம், நாலு வரி விவரம், அவ்வளவுதான். அதில் போய் "வீச்சரிவாள்", "கெத்து பீஸ்" என்று போட்டு, சினிமா பின்னணி இசையோடு காற்றில் வீசுகிற ரீல்ஸும் எடுத்து விட்டால், இது விவசாயக் கருவி இல்லை என்று நீங்களே கைப்பட எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் விற்றதாக வழக்கு வந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருடம் சிறை, ஆயுள் வரைக்கும் போகலாம். லைக்குக்காக அந்த ரிஸ்க் தேவையா? தேங்காய் வெட்டுவது, வேலி கழிப்பது, கறி நறுக்குவது என்று வேலையோடு சேர்த்துப் படம் எடுங்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கில் ஆயுத விற்பனைக்குத் தடை இருப்பதால் அங்கேயும் இதுதான் உதவும்.

கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் அரிவாள் கேட்டும் ஆர்டர் வரும், உங்கள் ஊர் பெயருக்கே வரும். ஆனால் அது வீட்டுக்கும் இல்லை, வயலுக்கும் இல்லை. அதை இணையத்தில் போடாதீர்கள், கோயில் தரப்பிலிருந்து ஆள் வந்து பில் போட்டு நேரில் வாங்கிப் போகட்டும். பட்டன் கத்தி (பட்டனை அழுத்தினால் அலகு வெளியே வருவது), அலங்கார வாள் பக்கமே போக வேண்டாம். டெல்லியில் 7.62 செ.மீ. அலகுள்ள பட்டன் கத்திக்கே லைசென்ஸ் கேட்கும் தனி அறிவிப்பு 1980-லிருந்து இருக்கிறது, வேறு மாநிலத்துக்கு அனுப்பும்போது அந்த ஊர் விதியும் சேர்ந்து வரும்.

போலீஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்க ரவுடிகளைத் தேடியபோது, அரிவாள் அடிப்பவர்கள் வாங்குகிறவரின் பெயர், முகவரி எழுதி வைக்கணும், கேமரா வைக்கணும் என்று காவல்துறை சொன்னது. ஆன்லைனில் இது உங்களுக்கு இன்னும் சுலபம், ஆர்டரிலேயே எல்லாம் பதிவாகிறது. கேஷ் ஆன் டெலிவரி மட்டும் வேண்டாம், முன்பணம் என்றால் வாங்கியவர் யாரென்று தடம் இருக்கும். 18 வயது நிரம்பியவர் என்று ஒரு டிக் பெட்டியும் வையுங்கள். ஸ்டேஷனில் ஒருமுறை நேரில் போய் இன்னது விற்கிறோம் என்று சொல்லிவிட்டு வருவது நல்லது, கேட்டு வந்தபிறகு விளக்குவதைவிட மரியாதை.

வரியில் ஒரு வேடிக்கை உண்டு. கதிரரிவாள், வெட்டரிவாள் மாதிரி விவசாயக் கைக்கருவிகள் 8201 என்ற வரிக் குறியீட்டில் (HSN) வரும், அதற்கு ஜி.எஸ்.டி. இல்லை. அதே உலையில் அதே இரும்புப் பட்டையிலிருந்து வருகிற சமையல் கத்தி 8211, 2022 ஜூலையில் அது 12 சதவீதத்திலிருந்து 18-க்குப் போனது. பில்லில் இரண்டையும் கலக்காதீர்கள். கத்தியை வெளி மாநிலத்துக்கு விற்றால் எவ்வளவு சின்ன வியாபாரமானாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். பாக்கெட் மேல் தயாரிப்பாளர் முகவரி, எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், புகார் எண் எல்லாம் கட்டாயம்.

சரி, கூரியர். உள்ளே என்ன என்பதை மறைக்காமல் எழுதுங்கள், "ஸ்டீல் சாமான்" என்று போடுவதெல்லாம் வேண்டாம். 2018-ல் மகாராஷ்டிராவின் ஔரங்காபாத்தில் ஆன்லைனில் வரவழைத்த வாள்களைப் போலீஸ் பிடித்தது நினைவிருக்கும். கத்தியை எடுப்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விதி, அதனால் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு தரைவழி சர்வீஸில் போடுங்கள். பேக்கிங்கில்தான் பலர் சொதப்புகிறார்கள். செய்தித்தாளைச் சுற்றி டேப் ஒட்டினால் லாரி குலுக்கலில் முனை வெளியே வந்து டெலிவரி தம்பியின் கையைக் கிழித்துவிடும். வாய்ப்பக்கத்துக்குக் கெட்டி அட்டை உறை, முனைக்கு கார்க் அல்லது ரப்பர், உறை நகராதபடி பிடியோடு சேர்த்து நூல் கட்டு, அப்புறம் இரட்டை அடுக்கு அட்டைப்பெட்டி. பெட்டியை உலுக்கினால் சத்தம் வரக்கூடாது.

கடைசியாக, லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது துருப்பிடிக்கும். உங்கள் ஊர்க்காரருக்கு அது தெரியும், எவர்சில்வர் கத்தியே பார்த்து வளர்ந்த சென்னைக்காரருக்குத் தெரியாது, ரெண்டு நாள் ஈரத்தில் போட்டுவிட்டு ஒரு ஸ்டார் கொடுப்பார். எண்ணெய் தடவி அனுப்புங்கள், கழுவியதும் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லி, பொருளின் விவரத்திலும் பெட்டிக்குள் ஒரு சீட்டிலும் எழுதி வையுங்கள்.