நயாகராவுக்கும் ஷட்டர் உண்டு
வாசகர் கேள்வி – பதில்

குந்தா நீர்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோவைவாசி. மகள் இருப்பது நியூஜெர்சியில். 2013, 2016, 2022 என மூன்று முறை போய் மகள், மாப்பிள்ளை, பேரனோடு ஊர் சுற்றிய கதையைப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நயாகராவை ஆகா ஓகோ என்கிறார்களே, எங்கள் குற்றாலத்தை விடவா? – தென்காசி வாசகர்

குற்றாலத்தில் தலையைக் கொடுத்துக் குளிக்கலாம். அங்கே முடியாது. அந்த விஷயத்தில் குற்றாலம்தான் ஒசத்தி.

மற்றபடி, எனக்கு அது அருவியாகவே தெரியவில்லை. மேட்டூரிலிருந்து 1 லட்சம் கன அடி திறப்பு என்று டி.வி.யில் அடியில் எழுத்து ஓடுமே, குறைந்தது அந்த அளவு தண்ணீர் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பகலெல்லாம் அங்கே விழுகிறது. விழுந்தே ஆகவேண்டும், 1950-இல் அமெரிக்காவும் கனடாவும் போட்ட ஒப்பந்தம் அப்படி. ராத்திரியிலும் குளிர்காலத்திலும் 50,000 போதும். மிச்சத்தை இரண்டு நாடுகளும் சுரங்கம் வழியாக மின்சாரத்துக்குத் திருப்பிக்கொள்கின்றன. அருவிக்கு மேலே ஆற்றுக்குள் ஷட்டர் வரிசையே இருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் மட்டும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போனது 2013-இல். பேரனுக்கு அப்போது ஆறு வயது. ராத்திரி கலர் லைட் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இதைச் சொன்னேன். "அப்புச்சி, நீங்க அருவியை ஆஃப் பண்ணியிருக்கீங்களா?" என்றான். "பண்ணியிருக்கேன் கண்ணு, பைக்காராவுல" என்றேன். முக்கால்வாசி பொய். பைக்காராவில் நான் வேலை பார்த்ததே இல்லை.

அக்கரை கனடா. காமன்வெல்த் நாடுகள் ஆசிய நாடுகளுக்கு உதவத் தொடங்கிய கொழும்புத் திட்டத்தின் கீழ், குந்தாவைக் கட்ட உதவிய நாடு. விசா இல்லாததால் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்று ஒரு கும்பிடு போட்டேன். பூங்காவில், வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரத்துக்கு வழிவகுத்த நிகோலா டெஸ்லாவுக்கு வெண்கலச் சிலை உண்டு, உட்கார்ந்த கோலத்தில். ஆளாளுக்கு மடியில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றியதைப் பார்த்து, "ஏனுங்க, யாருங்க இது?" என்றாள் என் மனைவி. "நம்ம வீட்டு அடுப்பு எரிஞ்சதுக்குக் காரணமானவரு" என்றேன். அருவிக்கடியில் போகும் அமெரிக்கப் பக்கத்துப் படகுகள் 2020 முதல் பேட்டரியில் ஓடுகின்றன. இரண்டில் ஒன்றுக்கு டெஸ்லா பெயர்தான். நாங்கள் போனபோது டீசல்.

படகு போதுமா, அருவிக்குப் பக்கத்தில் நடைபாதையும் போகலாமா? எனக்கு மூட்டுவலி. – காரைக்குடி வாசகி

படகு போதும்மா. லிஃப்டில் இறங்கி, நின்றபடியே பார்த்து வந்துவிடலாம். அந்த நடைபாதை முழுக்க மரப்படிகள். பனிக்கட்டி உடைத்துவிடும் என்று ஒவ்வொரு ஆண்டும் இலையுதிர் காலத்தில் பிரித்து வைத்து, வசந்தத்தில் மறுபடி கட்டுகிறார்கள். வழுக்காமலிருக்கச் செருப்பும், மஞ்சள் நிறத்தில் பிளாஸ்டிக் கோட்டும் தந்தார்கள். என் மனைவி சேலைக்கு மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டாள். கோட்டுக்குக் கீழே இருந்த ஒரு முழச் சேலை குடித்த தண்ணீரை, திரும்பிவரும் வழியில் மாப்பிள்ளையின் கார் சீட்டு குடித்தது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் சங்கடம். நீங்கள் சுடிதாரில் போங்கள்.

சுதந்திர தேவி சிலையின் கிரீடம் வரை ஏறினீர்களா? எனக்கு 68 வயது. – சேலம் வாசகர்

ஏறவில்லை. நீங்களும் வேண்டாம். 354 படி, பீடத்துக்கு மேலே லிஃப்ட் கிடையாது, உள்ளே குறுகலான சுழல்படி. எனக்குத் தெரிந்த நல்ல வழி, மன்ஹாட்டன் முனையிலிருந்து கிளம்பும் ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி. ஆரஞ்சு வண்ணப் படகு, டிக்கெட்டே இல்லை, 25 நிமிடம். போகும்போது வலது பக்கம் இடம் பிடியுங்கள். அக்கரையில் எல்லோரையும் இறக்கிவிட்டுத்தான் மறுபடி ஏற்றுவார்கள். "திரும்பத்தானே போறோம், எதுக்கு இறங்கணும்" என்று நான் உட்கார்ந்தே இருந்ததில் மகளுக்குத் தலைகுனிவு.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? – மதுரை வாசகி

காரில் போனால் புளிசாதம். விமானத்தில் போனால் பருப்புப்பொடி. ஒரு விமான நிலையத்தில் அந்தப் பொடியைப் பிரித்து, முகர்ந்து, இயந்திரத்தில் வைத்து, மேலதிகாரியைக் கூப்பிட்டு, அவரும் முகர்ந்தார். பெருங்காயம் தூக்கலாகப் போட்டது என் மனைவியின் குற்றம். கடைசியில் கொடுத்துவிட்டார்கள்.

நியூயார்க் போனால் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலை விட்டுவிடாதீர்கள். 1977-இல் கும்பாபிஷேகம் ஆனது. அடித்தளத்தில் கேன்டீன். தோசை நம் ஊர்த் தோசைதான், சட்னியைக் காகிதக் கிண்ணத்தில் தருவார்கள். சாமியை மேலே விட்டுவிட்டு நேராகக் கீழே போகிறவர்களையும் பார்த்தேன். அதில் நானும் ஒருவன்.

ஏமாற்றம் தந்த இடம்? – நெல்லை வாசகர்

டைம்ஸ் ஸ்கொயர். கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டதுதான் மிச்சம்.

சான் பிரான்சிஸ்கோவில் தங்கப் பாலம் தவிர என்ன பார்க்கலாம்? – ஈரோடு வாசகர்

முதலில், அது தங்க நிறமில்லை. செங்காவி கலந்த ஆரஞ்சு. 2016 ஜூலையில் போனோம், ஜூலைதானே என்று அரைக்கைச் சட்டையோடு. பாலத்தின் கோபுரமே மூடுபனிக்குள் போய்விட்டது. எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. தெருவில் வாங்கிய பனியன் கோட்டை இன்னும் வாக்கிங் போகும்போது போடுகிறேன்.

தெருவில் டிராம் மாதிரிப் போகும் கேபிள் கார் ஓடும் வித்தையைப் பாருங்கள். 1873 முதல் இருக்கிறது. பெட்டியில் எஞ்சின் கிடையாது. தெருவுக்கடியில் இரும்புக் கயிறு மணிக்கு 9.5 மைல் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் பெரிய லீவரை இழுத்துக் கயிற்றைக் கவ்வினால் பெட்டி நகரும், விட்டுவிட்டு பிரேக் போட்டால் நிற்கும். கயிறுகளை இழுக்கும் பெரிய சக்கரங்களை மேசன் தெரு மியூசியத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நான் ஒன்றரை மணி நேரம் நின்றேன். மற்றவர்கள் வாசலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள்.

கிராண்ட் கேன்யனில் சிவன், விஷ்ணு பெயரில் மலைகள் உண்டாமே? கோயில் இருக்கிறதா? – சிவகாசி வாசகர்

பெயர் உண்டு, கோயில் இல்லை. கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 1880-களில் தொடங்கிவைத்த வழக்கம். பள்ளத்தாக்குக்குள் தனித்தனியாக நிற்கும் பாறை மலைகள் அவருக்குக் கோபுரமாகத் தெரிந்திருக்கின்றன. சிவா டெம்பிள், விஷ்ணு டெம்பிள், பிரம்மா டெம்பிள், புத்தருக்கும் ஒன்று. அடியில் கிடக்கும் சுமார் 170 கோடி ஆண்டுப் பாறைக்கும் விஷ்ணு பெயர்தான். சிவா டெம்பிள் உச்சி தட்டையானது. தனியாக நிற்பதால் அங்கே விலங்குகள் வேறு மாதிரி மாறியிருக்குமோ என்று 1937-இல் நியூயார்க் அருங்காட்சியகத்தார் ஏறிப் பார்த்தார்கள். புதிதாக ஒன்றும் சிக்கவில்லை.

2022 மே மாதம், பள்ளத்தாக்கின் விளிம்பில் ஹோப்பி பாயின்ட் என்ற காட்சிமுனை. அங்கே போகும் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்தக் கார் விடமாட்டார்கள், பூங்காவின் பஸ்ஸில்தான் போகவேண்டும். உயரம் 7,000 அடி, கிட்டத்தட்ட ஊட்டி. வெயில் இறங்கியதும் ஊட்டிக் குளிரேதான். பேரனுக்குப் பதினைந்து வயதாகிவிட்டது; காதில் மாட்டியதைக் கழற்றாமல் தள்ளி நின்றான். எது சிவன் மலை என்று மாப்பிள்ளை போனில் வரைபடம் வைத்துக் காட்டினார். கீழே எல்லாம் இருட்டி, அந்த உச்சியில் மட்டும் செம்மண் நிறத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது. என் மனைவி கைப்பையைத் துழாவி, மருதமலை விபூதி மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். பேரனின் நெற்றிக்குப் போவதற்குள் காற்று பாதியை வாரிக்கொண்டு போய்விட்டது.

"போகட்டும் உடுங்க, அவரு வீட்டுக்குத்தான போச்சு" என்று மீதியை மடித்து வைத்துக்கொண்டாள்.