விகிதம் ஆறு

அன்புள்ள சார்,

அப்பாவுக்கு 63 வயது. ரப்பர் பால்வெட்டுக்காரர், நாற்பது வருஷமாகப் பீடி. குரல் கம்மி மூன்று மாதம் கழித்துத்தான் காட்டினோம். குரல்வளையில் புற்றுநோய், மூன்றாம் நிலை என்று திருவனந்தபுரத்தில் சொன்னார்கள். கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துத் தொடங்கப்போகிறார்கள். ரத்த ரிப்போர்ட்டில் வெள்ளணு வகைகளில் நியூட்ரோஃபில் 84 சதவீதம், லிம்போசைட் 14. வகுத்தால் ஆறு. இந்த விகிதம் கூடினால் பிழைப்பது கஷ்டம் என்று போனில் படித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நீங்கள் லேபில் வேலை பார்த்தவர். ஆறு என்றால் எவ்வளவு மோசம்? குறைக்க ஏதாவது கொடுக்கலாமா? தாள்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லேபில் இருந்தவன்தான், டாக்டர் இல்லை. கவுண்டரில் நின்று ஈ.எஸ்.ஆர். (ரத்தம் படியும் வேகம்) எண்ணைப் பார்த்து முகம் சுளித்து ஆட்களைப் பயமுறுத்திய பாவமும் எனக்கு உண்டு.

நீங்கள் படித்தது பொய்யில்லை. கட்டி உடம்பில் அழற்சியைக் கிளப்பினால் நியூட்ரோஃபில் ஏறும், லிம்போசைட் இறங்கும். தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளைக் கூட்டமாக எடுத்துப் பார்த்தால், விகிதம் கூடியவர்களின் ஆயுள் குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் எந்த எண்ணுக்கு மேல் போனால் மோசம் என்பதில் ஒற்றுமை இல்லை. ஒரு ஆய்வு 2 என்கும், இன்னொன்று 5 என்கும்.

சரி, உங்கள் அப்பாவின் ஆறுக்கு வருவோம். மூச்சு இழுத்ததால் முந்தின நாள் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டதாக டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது. ரத்தம் எடுத்தது மறுநாள். அந்த ஊசி ஒன்றே நியூட்ரோஃபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கும். பல்லில் சீழ் வைத்தவருக்கும் இதே ஆறு வரலாம். இதில் கட்டியின் பங்கு எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு என்று இந்தத் தாளை வைத்துப் பிரிக்க முடியாது.

குறைப்பது பற்றிக் கேட்டீர்கள். இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஹீமோகுளோபின் குறைந்தவர்களுக்குக் கதிர்வீச்சு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அப்படியானால் ஹீமோகுளோபினை ஏற்றிவிடலாமே என்று தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 351 பேரில் ஒரு பாதிக்கு சிவப்பணுவைக் கூட்டும் எரித்ரோபொய்டின் ஊசியும் மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். 2003-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் ஏறியது. ஆனால் மருந்து ஊசி போட்டவர்களுக்குத்தான் நோய் மோசமானது. ஆரல்வாய்மொழிக் காற்றாலையைக் கையால் சுற்றினால் காற்று வருமா? விகிதத்தை விட்டுவிடுங்கள்.

எனக்குக் கவலை தந்தது அதே தாளில் இருக்கும் இன்னொரு எண். ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் 3.0. 3.5-க்கு மேல் இருக்க வேண்டியது. அழற்சியாலும் இறங்கும், ஆனால் விழுங்க வலித்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லையோ என்றுதான் முதலில் தோன்றியது. கடைசியாக எப்போது எடை பார்த்தீர்கள்? கதிர்வீச்சு ஆறேழு வாரம் போகும். இரண்டு மூன்று வாரத்தில் தொண்டை புண்ணாகிவிடும். கஞ்சித்தண்ணியும் சாயாவும் போதாது. முட்டை, முள் எடுத்து மசித்த மீன் என்று இப்போதே தொடங்கலாம், டயட்டீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கு வழியாக டியூப் போடலாம் என்று டாக்டர் சொன்னால் மறுக்காதீர்கள். நம்மூரில் டியூப் என்றாலே கடைசிக் கட்டம் என்று அழத் தொடங்கிவிடுவார்கள். அப்படி இல்லை. இந்த நிலையில் குணப்படுத்தவும் குரலைக் காப்பாற்றவும்தான் இந்த இரட்டைச் சிகிச்சை.

அப்புறம் பீடி. நிறுத்திவிட்டாரா, பால்வெட்டப் போகிற இடத்தில் ஒளிந்து இழுக்கிறாரா? புகைத்துக்கொண்டே கதிர்வீச்சு எடுப்பவர்களுக்குப் பலன் குறைகிறது. அந்த எண்ணிக்கை எந்த ரிப்போர்ட்டிலும் வராது, அம்மாவுக்குத்தான் தெரியும்.

ஆறைப் பற்றி அம்மாவிடம் சொல்லாதது நல்லதுதான். எடையைச் சொல்லுங்கள். வாராவாரம் ஒரே தராசில் பார்த்து, கலெண்டரில் குறித்து வைக்கட்டும்.