விமானச் சிமுலேட்டர் விளையாட்டில் எஞ்சின் ஒலியை நிஜம் போலக் கொண்டுவருவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: இணையத்தில் கிடைத்த ஓர் எஞ்சின் ஒலிப்பதிவை லூப்பாக ஓடவிட்டு, த்ராட்டிலைத் தள்ளத் தள்ள அதன் சுருதியை ஏற்றுகிறீர்கள். விமானம் பறப்பது போல இல்லை, மிக்ஸி ஓடுவது போல இருக்கிறது. இதைவிட நல்ல ஒலிப்பதிவு எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள்.

நல்ல ஒலிப்பதிவு வேண்டியதுதான். ஆனால் உலகத்திலேயே சிறந்த பதிவைக் கொடுத்தாலும் இந்த முறையில் அது மிக்ஸியாகத்தான் கேட்கும். விமான எஞ்சினின் ஒலி என்று நாம் சொல்வது பல இடங்களில் பிறக்கும் பல ஒலிகளின் கூட்டு. ஒன்று சுற்று வேகத்தைப் பொறுத்தது, இன்னொன்று எஞ்சின் இழுக்கும் சுமையைப் பொறுத்தது, வேறொன்று கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. இவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய அளவோடு கட்ட வேண்டும். சிறு விமானங்களுக்கு ஒலி அமைப்பதில் நான் நெடுநாளாக ஈடுபட்டிருக்கிறேன். அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

செஸ்னா 172எஸ் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் லைகாமிங் ஐஓ-360 எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். மொத்தத்தில் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் வினாடிக்கு 40 சுற்று, 80 வெடிப்பு. அடிப்படை அதிர்வெண் 80 ஹெர்ட்ஸ். புரொப்பெல்லர் நேராகக் கிராங்க் தண்டிலேயே பூட்டப்பட்டிருக்கிறது, அதற்கு இரண்டு பிளேடுகள். எனவே பிளேடுகள் காற்றை வெட்டும் ஒலியும் 80 ஹெர்ட்ஸ்தான். இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் இருப்பதால் ஒரே லூப் போதும் என்று தோன்றும். போதாது. வெடிப்பொலி மூக்கின் அடியில் உள்ள புகைக்குழாயிலிருந்து வருகிறது. புரொப்பெல்லரின் ஒலியோ அது சுழலும் தளத்தை ஒட்டிப் பக்கவாட்டில்தான் வலுவாகப் பரவுகிறது. வெளிக் கேமராவை விமானத்தைச் சுற்றி நகர்த்தும்போது இவற்றின் விகிதம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

கியர் உள்ள எஞ்சின்களில் இந்த இரண்டும் பிரிந்தே கேட்கும். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சினில் 12 சிலிண்டர்கள். 3,000 சுற்றில் வெடிப்பொலி 300 ஹெர்ட்ஸ். புரொப்பெல்லர் கியர் வழியாக அதில் பாதிக்கும் குறைவான வேகத்தில் சுழல்வதால் நான்கு பிளேடு இருந்தாலும் அதன் ஒலி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே நிற்கும். அந்த விமானத்தின் குரலுக்கு அவ்வளவு ரசிகர்கள் இருப்பதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இனி சுருதி விஷயம். புகைக்குழாயின் நீளம், எஞ்சினை மூடியிருக்கும் தகடு, காக்பிட்டின் உட்கூடு ஆகியவற்றுக்குச் சொந்த அதிர்வெண்கள் உண்டு. சுற்று எவ்வளவு கூடினாலும் அவை இடம் மாறுவதில்லை. லூப்பின் சுருதியை ஒட்டுமொத்தமாக ஏற்றும்போது அவையும் சேர்ந்து ஏறிவிடுகின்றன. கேட்பவரின் காது அதை எஞ்சின் வேகமெடுத்ததாக எடுத்துக்கொள்வதில்லை. எஞ்சினே சிறுத்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் கேட்கும் மிக்ஸி ஒலியின் மூலம் இதுதான்.

ஆகவே 700, 900, 1,200, 1,600, 2,000, 2,400, 2,700 என்று தனித்தனி நிலையான சுற்றுகளில் பதிவு செய்த லூப்கள் வேண்டும். எந்த லூப்பையும் மேலே கீழே 15 சதவீதத்துக்கு மேல் நகர்த்தாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு லூப்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கரைக்கும் இடத்தில்தான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். இரண்டும் ஒரே சுருதிக்கு வந்த பிறகும் ஒன்றின் அலை மேடும் மற்றதன் பள்ளமும் எதிரெதிராக விழுந்தால் ஒலி நடுவில் உள்ளீடற்றுப் போகும். ஒவ்வொரு லூப்பையும் ஒரே சிலிண்டரின் வெடிப்பில் தொடங்கி, முழு இரட்டைச் சுற்றுகளில் முடியும்படி வெட்டுங்கள். அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நான்கு வெடிப்புகளில் ஒன்று சற்று உயரமாகத் தெரியும். அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

அந்த உயர வேறுபாட்டைச் சரிசெய்யப் போய்விட வேண்டாம். அதுதான் எஞ்சினின் முகம். சிலிண்டர்களிலிருந்து வரும் குழாய்களின் நீளமும் எரிபொருள் கலவையும் முழுக்கச் சமமாக இருப்பதில்லை. அதனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே 20, 40, 60 ஹெர்ட்ஸிலும் மெல்லிய கூறுகள் உண்டாகின்றன. ஐடிலில், அதாவது த்ராட்டிலை மூடி எஞ்சினை மெல்ல ஓடவிடும்போது, நாம் கேட்கும் தடதடப்பு இத்தகைய கூறுகளால்தான். ஒலியைப் பதிவிலிருந்து எடுக்காமல் கணக்கிட்டே உருவாக்குவதானாலும் லைகாமிங்கின் 1-3-2-4 வெடிப்பு வரிசைப்படி நான்கு துடிப்புகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் நிலையான சிறு வேறுபாட்டைக் கொடுத்து, அதன் மேல் சுற்றுக்குச் சுற்று மிகச் சிறிய ஒழுங்கின்மையைத் தூவுங்கள். நான்கும் ஒரே அச்சாக இருந்தால் எஞ்சின் காணாமல் போய் வெறும் மின்ரீங்காரம்தான் மிஞ்சும்.

சுமை இன்னும் முக்கியமானது. செஸ்னா 182டி-யில் புரொப்பெல்லரின் சுற்றை ஒரு கவர்னர் நிலையாக வைத்திருக்கும். பறக்கும்போது விமானி த்ராட்டிலைக் கணிசமாகக் குறைத்தாலும் சுற்றுமானி 2,400-லேயே நிற்கும். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தமான மேனிஃபோல்ட் அழுத்தம் மட்டும் 23 அங்குலத்திலிருந்து 18-க்கு இறங்கும். சுற்றோடு மட்டும் ஒலியைக் கட்டியிருந்தால் உங்கள் விளையாட்டில் அந்த நேரத்தில் எதுவுமே மாறாது. நிஜத்தில் மாற்றம் உடனே தெரியும்: வெடிப்பின் கூர்மை போகிறது, உரத்த உறுமல் தளர்கிறது, அதுவரை அமுங்கிக் கிடந்த இயந்திரச் சலசலப்பும் காற்றின் இரைச்சலும் மேலே வருகின்றன. எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் சுமையுடன் ஒன்று, சுமையின்றி ஒன்று என இரண்டு லூப்கள் வைத்து, மேனிஃபோல்ட் அழுத்தத்தைக் கொண்டு கலக்குங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் புகைக்குழாய் ஒலியின் மேல் அதிர்வெண்களை மட்டுமாவது சுமைக்கேற்பத் திறந்து மூடும் ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

எஞ்சினைத் தொடங்குவதும் நிறுத்துவதும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய கடிகார முள் கருவிகள் கொண்ட செஸ்னாவில் மாஸ்டர் சுவிட்சைப் போட்டதும் திருப்பம் காட்டும் கருவியின் மின் கைரோ மெல்ல ஊளையிட்டு ஏறத் தொடங்கும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது ஒவ்வொரு பிளேடும் சிலிண்டரின் அழுத்தத்தை மீறித் தயங்கித் தயங்கி நகரும். ஒரு சிலிண்டர் மட்டும் முதலில் இருமும், பிறகு இரண்டு, உடல் முழுவதும் ஒரு குலுக்கு, எஞ்சின் பிடித்துக்கொள்ளும். புறப்படுவதற்கு முன் 1,800 சுற்றில், பிளக்குகளுக்கு மின்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களைச் சோதிப்பார்கள்: ஒரு மேக்னெட்டோவை அணைத்ததும் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரே ஒரு பிளக் மட்டும் தீ மூட்டும், எரிவது மெதுவாகும், சுற்று சற்றே சரியும், ஒலியில் லேசான கரகரப்பு வரும். நிறுத்தும்போது எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் பிடியை இழுத்தவுடன் எஞ்சின் சட்டென்று அணைவதில்லை. கலவை மெலிந்துகொண்டே போகும்போது ஒரு கணம் சரியான விகிதத்தைத் தொடுவதால் சுற்று சிறிது ஏறி, அதன் பிறகே சாகும். புரொப்பெல்லர் கடைசி அழுத்தத்தில் முட்டிப் பின்னால் லேசாக அசைந்து நிற்கும். எல்லாம் அடங்கிய பிறகும் கருவிப் பலகைக்குள் கைரோக்கள் சில நிமிடம் சுழன்று தேயும் ஒலி காக்பிட்டில் கேட்டுக்கொண்டிருக்கும். உண்மையான விமானத்தில் உட்கார்ந்தவர் உங்கள் விளையாட்டில் இதைக் கேட்டால் அடுத்த நொடியே அதை நம்பத் தொடங்கிவிடுவார்.

விசையாழியால் புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்போபிராப் எஞ்சின்கள் பலவற்றில் கீச்சொலி எழுப்பும் பகுதியும் புரொப்பெல்லரும் தனித்தனித் தண்டில் சுழல்பவை. ஒன்றை மற்றொன்றோடு கட்டக் கூடாது. சென்னையிலிருந்து சேலத்துக்கோ தூத்துக்குடிக்கோ ஏடிஆர் 72-இல் போனவர்களுக்கு அந்த ரீங்காரம் நினைவிருக்கும். ஆறு பிளேடு, முழு வேகத்தில் 1,200 சுற்று, ஆக 120 ஹெர்ட்ஸ். உயரத்தில் சமநிலைக்கு வந்த பிறகு வேகம் 82 சதவீதமாவதால் ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ். இரண்டு புரொப்பெல்லர்களுக்கிடையே ஐந்து சுற்று வேறுபாடு இருந்தாலே இரண்டு வினாடிக்கு ஒரு முறை ஒலி பொங்கி அடங்கும். உங்கள் விளையாட்டில் இரண்டு எஞ்சினுக்கும் இம்மி பிசகாத ஒரே எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். புரொப்பெல்லர் பிரேக் பொருத்திய ஏடிஆர்களில் தரையில் வலது புரொப்பெல்லர் அசையாமல் நிற்க, விசையாழி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையும் உண்டு.

ஜெட்டில் கணக்கு வேறு. போயிங் 737-800-இன் சிஎஃப்எம்56-7பி எஞ்சினில் முன் விசிறிக்கு 24 பிளேடுகள். விசிறித் தண்டின் சுற்று வேகத்தை என்1 என்பார்கள்; என்1 100 சதவீதம் என்பது 5,175 சுற்று. விசிறியின் கீச்சொலி அங்கே 2,070 ஹெர்ட்ஸ், என்1 20 சதவீதமாக இருக்கும் ஐடிலில் 414 ஹெர்ட்ஸ். டேக்ஆஃப் வேகத்தில் பிளேடு நுனிகள் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடுவதால் ஒவ்வொரு நுனியிலும் அதிர்ச்சி அலை எழுகிறது. பிளேடுகள் ஒன்றுக்கொன்று நூலிழை வித்தியாசம் உள்ளவை என்பதால் அந்த அலைகள் சமமாக இருப்பதில்லை. எனவே சுற்று அதிர்வெண்ணான 86 ஹெர்ட்ஸின் மடங்குகளில் அடுக்கடுக்காகத் தொனிகள் வருகின்றன. விமானத்தின் முன்பகுதியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஓடுபாதையில் கேட்கும் அந்த ரம்ப இரைச்சல் இதுதான். பின்னால் வரும் முழக்கத்துக்கு ஜேம்ஸ் லைட்ஹில் 1952-இல் வெளியிட்ட விதி உதவும்: ஒலி ஆற்றல், எஞ்சின் பின்னால் பீச்சும் காற்றுத் தாரையின் வேகத்தின் எட்டாம் அடுக்காக ஏறுகிறது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் 256 மடங்கு, அதாவது 24 டெசிபெல் கூடும். முழக்கத்தின் வால்யூமை என்1-க்கு நேர்விகிதத்தில் ஏற்றினால் ஐடிலில் மிகுதியாகவும் டேக்ஆஃபில் சப்பையாகவும் இருப்பதற்குக் காரணம் இந்த எட்டாம் அடுக்குதான்.

வெளியே நின்று பார்க்கும் காட்சிக்குத் தூரமும் நேரமும் சேர வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று வினாடி ஆகும். வினாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் விமானம் உங்களைக் கடந்து போனால் சுருதி பஞ்சமத்திலிருந்து சட்ஜமத்துக்கு இறங்கும் அளவுக்கு விழும். டாப்ளர் எனப்படும் இந்தச் சுருதி மாற்றத்தை மட்டும் தனியாகப் போடுவதைவிட, தூரத்துக்கேற்ப மாறும் தாமதத்தை ஒலிக்குக் கொடுத்துவிடுங்கள். சுருதி மாற்றம் அதிலேயே தானாக வந்துவிடும். அப்படிச் செய்தால், விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியைப் பயன்படுத்துபவர்கள் அதன் சொந்த டாப்ளரை அணைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் இரட்டிப்பாகும். தூரம் கூடக் கூட மேல் அதிர்வெண்களைக் காற்று விழுங்கிவிடும் என்பதால் அதற்கும் ஒரு ஃபில்டர் வேண்டும்.

ஒலிப்பதிவுக்குப் பறக்கும் பயிற்சி நிலையம் ஒன்றில் அனுமதி கேட்டுப் பாருங்கள். பராமரிப்புக்காக எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் நேரம் உங்களுக்கு வசதி. விமானியும் மெக்கானிக்கும் காட்டும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். புரொப்பெல்லரின் முன்னும் அது சுழலும் தளத்திலும் யாரும் நிற்கக் கூடாது, மைக் கம்பிகளும் அங்கே போகக் கூடாது. காற்றில் குளிரும் எஞ்சினைத் தரையில் நீண்ட நேரம் உயர் சுற்றில் ஓட்டினால் சூடேறிவிடும், ஆகவே உயர் சுற்றுகளைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள். செல்போனை நம்பாதீர்கள்: அதன் இரைச்சல் நீக்கும் வசதி எஞ்சினையே இரைச்சலாகக் கருதி அழித்துவிடும். தானாக அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அணைக்கக்கூடிய ரெக்கார்டர் தேவை. மைக்குக்கு ரோமக் காற்றுறை போட்டு, புகைக்குழாய்ப் பக்கம் சற்றுப் பின்தள்ளி ஒன்று, பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் ஒன்று, காக்பிட்டில் இருக்கைக்குப் பின்னால் ஒன்று என வையுங்கள். நிற்கும் விமானத்தின் புரொப்பெல்லர் கலங்கிய காற்றை இழுப்பதால் பறக்கும்போது இருப்பதைவிட முரடாக ஒலிக்கும். பறக்கும் காட்சிக்கான காக்பிட் லூப்களைப் பறக்கும்போதே எடுப்பது நல்லது.

கருவிகளைப் பொறுத்தவரை, விளையாட்டுகளுக்கு ஒலி அமைக்கும் மென்பொருள்களான எஃப்மாட், வைஸ் இரண்டில் எதுவும் போதும். எக்ஸ்-பிளேன் முதலாவதைப் பயன்படுத்துகிறது, மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 இரண்டாவதை. இலவசச் சிமுலேட்டரான ஃபிளைட்கியரில் செஸ்னா 172பி-யின் ஒலிக் கோப்பைத் திறந்து படியுங்கள். எந்த ஒலி எந்த அளவோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது வரி வரியாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. லேப்டாப் ஸ்பீக்கரில் 80 ஹெர்ட்ஸ் வரவே வராது. 160, 240, 320 ஹெர்ட்ஸ் கூறுகள் தெளிவாக இருந்தால் அடிப்படையைக் காது தானே ஊகித்துக்கொள்ளும், எனவே கலவையை ஹெட்ஃபோனிலும் லேப்டாப்பிலும் மாறி மாறிக் கேட்டு முடியுங்கள். இன்றே தொடங்க வேண்டுமானால் ஐடிலுக்கு ஒன்று, 2,400 சுற்றில் சுமையுடன் ஒன்று, சுமையின்றி ஒன்று என மூன்று லூப்களை மட்டும் கட்டிப் பாருங்கள். எந்த விமானத்தை உருவாக்குகிறீர்கள் என்று கருத்துப் பகுதியில் சொன்னால் அதற்கான சுற்று, பிளேடு, அதிர்வெண் கணக்கைப் போட்டுத் தருகிறேன்.