லைஃப்டைம் லைசென்ஸ் என்று விற்றுவிட்டு ஆண்டுச் சந்தா கேட்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் நானும் மனைவியும் சிறிய மளிகைக் கடை நடத்துகிறோம். மூன்று வருடம் முன்பு 'லைஃப்டைம் லைசென்ஸ்' என்று சொல்லி ஒரு டீலர் 14,000 ரூபாய்க்கு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தார். போன மாதம் அது பூட்டிக்கொண்டது. ஆண்டுக்கு 6,000 கட்டச் சொல்கிறது. "கடைக்கு வாங்கியதற்கு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்கிறார் டீலர். உண்மையா?

பதில்: உங்கள் விஷயத்தில் உண்மையில்லை. வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை என்பது சரி. ஆனால் அதே 2(7) பிரிவில் ஒரு விளக்கம் உண்டு: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள், வணிக நோக்கத்தில் சேராது. ரெடிமேட் சாஃப்ட்வேரும் 'பொருள்'தான் என்று 2004இல் ஒரு விற்பனை வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்களும் மனைவியும் கல்லாவில் உட்கார்ந்து பில் போடுகிற கடை என்றால் விளக்கம் பொருந்தும். நாலு கிளை, சம்பளத்துக்குப் பத்துப் பேர் என்றால் கஷ்டம். எனவே மனுவின் முதல் பத்தியிலேயே 'இது எங்கள் ஒரே பிழைப்பு' என்று எழுதுங்கள். பலர் இந்த ஒரு வரியை விட்டுவிட்டுத் தோற்கிறார்கள்.

இப்போது பில்லை எடுங்கள். டீலர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு: வாயால் லைஃப்டைம், வாட்ஸ்அப்பில் லைஃப்டைம், பில்லில் மட்டும் '1 யூசர், 3 வருடம்'. கேட்டால் கம்பெனி டீலரைக் காட்டும், டீலர் கம்பெனியைக் காட்டுவார். இரண்டு பேரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். பில்லே தராமல் சொந்த ஜிபேயில் பணம் வாங்கியிருந்தால், அந்தப் பரிவர்த்தனை விவரமும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் உங்கள் ஆதாரம். அந்தப் போனை மாற்றிவிடாதீர்கள். 'யாருடைய லைஃப்டைம்? சாஃப்ட்வேருடையதா, கம்பெனியுடையதா?' என்று சாமர்த்தியம் பேசுவார்கள். விற்கும்போது அதைச் சொன்னார்களா என்று திருப்பிக் கேளுங்கள்.

கணக்கு விவரம் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் வேறு வழியில்லை, 6,000 கட்டித்தான் பேக்கப் எடுக்க வேண்டும். கட்டும் முன் 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று மெயில் போடுங்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அவர்கள் சமரசம்தான் பேச முடியும், உத்தரவு போட முடியாது. பலிக்காவிட்டால், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மனு. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 'நுகர்வோர் சங்கம்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு 5,000 கேட்பவர்களிடம் போகாதீர்கள்.

மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது வாய்தா மேல் வாய்தா. 14,000 ரூபாய்க்கு ஒருவர் எத்தனை நாள் கடையை அடைப்பார் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள், காலக்கெடு இரண்டு வருடம். சாஃப்ட்வேர் பூட்டிக்கொண்ட தேதியைத்தான் வழக்குக்குக் காரணம் எழுந்த நாளாக மனுவில் காட்ட வேண்டும், வாங்கிய தேதியை அல்ல.