புதிதாக வாங்கிய கேட்டமரானில் முதலில் எதைப் பொருத்துவது?

கேட்டமரான், அதாவது இரட்டை உடல் பாய்மரப் படகு, வாங்கியவர்கள் கேட்ட கேள்வி இது: "சேமிப்பையெல்லாம் போட்டு நாற்பது அடிக் கேட்டமரான் வாங்கிவிட்டோம். சோலார், லித்தியம் பேட்டரி, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம், இவற்றில் எதை முதலில் பொருத்துவது? ஓட்டுவதை அப்புறம் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?"

கடைசி வரிதான் என்னை எழுத உட்காரவைத்தது. முதலில் ஓட்டுங்கள். பொருத்துவதெல்லாம் பிறகு.

ஒற்றை உடல் பாய்மரப் படகில் நீங்கள் ஏற்கெனவே ஓரளவு போய்வந்திருப்பீர்கள், கணவன் மனைவி இருவர் மட்டுமே கிளம்பப் போகிறீர்கள், வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல் இப்போதே பக்கக் கணக்கில் நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். அந்தப் பட்டியலில் உயிருக்கும் படகுக்கும் காவலானவற்றை மட்டும் உடனே பாருங்கள்: பாய்மரத்தைத் தாங்கும் கம்பி வடங்களின் வயது, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வுகள், உள்ளே சேரும் நீரை இறைக்கும் பம்புகள், உயிர்காப்பு மிதவை, நங்கூரம். வால்வுகளை ஒவ்வொன்றாகக் கையால் திறந்து மூடிப் பாருங்கள். சாதாரணப் பித்தளையாக இருந்தால் கடல்நீரில் துத்தநாகம் அரித்துப்போய், உலோகம் இளஞ்சிவப்பாக மாறி, ஒருநாள் கைப்பிடியோடு கழன்று வந்துவிடும்.

மற்றவற்றைத் தள்ளிப்போடச் சொல்வதற்குக் காரணம் எடை. கேட்டமரானில் இடம் ஏராளம். தாங்கும் சுமையோ குறைவு. காலி அலமாரியைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. 10 மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. 80 மீட்டர் போட்டால் 184 கிலோ, அதுவும் முன்பக்கத்தில். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. டீசல், துணைப்படகு, அதன் மோட்டார், கருவிப்பெட்டிகள் எல்லாம் இதற்கு மேல். எங்கள் படகு சுமார் 200 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் தாழ்கிறது. ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் இரண்டு உடல்களையும் இணைக்கும் தளத்துக்கும் நீருக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையக் குறைய, எதிர் அலை தளத்தின் அடியில் வந்து அறையும். அந்த மோதலில் மேசைமேல் இருக்கும் டம்ளர் துள்ளும். படுத்திருப்பவருக்கு முதுகில் குத்து விழுந்ததுபோல் இருக்கும்.

வெறும் படகைச் சில வாரங்கள் ஓட்டினால் பட்டியலில் பாதி தானாகவே அடிபடும். எங்களுக்கு ஜெனரேட்டர் அடிபட்டது. கடல்நீர் இயந்திரம் தப்பியது; அது இருந்தால் தொட்டியைப் பாதி மட்டும் நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். அதன் சவ்வுக்குக் குளோரின் ஆகாது. கரையில் பிடித்த தண்ணீரில் கழுவுவதானால் கார்பன் வடிகட்டி வழியாகத்தான் கழுவ வேண்டும். லித்தியம் பேட்டரி எடையை நன்றாகக் குறைக்கும். ஆனால் அது கொடுக்கிற மின்னோட்டத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும் பேர்வழி. எஞ்சினோடு வந்த, மின்சாரம் உண்டாக்கும் சிறிய ஆல்டர்னேட்டர் முழுத் திறனில் ஓடிச் சூடேறி எரிந்துபோகலாம். இடையில் மின்னோட்டத்தை அளவாகக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜரோ, வெப்பத்தைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளும் ரெகுலேட்டரோ கட்டாயம் வேண்டும். சோலாரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. போடுங்கள், நிழல் விழாத இடத்தில்.

இனி ஓட்டம். ஒற்றை உடல் படகு காற்று மிஞ்சினால் சாயும். சாயச் சாயப் பாய்மேல் விழும் காற்றும் குறையும். சமையலறையில் பாத்திரம் உருண்டாலே பாயைச் சுருக்கும் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். கேட்டமரான் இப்படி எச்சரிக்காது. நிமிர்ந்தே ஓடும், பாரம் முழுவதையும் பாயும் வடங்களும் வாங்கிக்கொள்ளும். எனவே உடம்பை நம்பாமல் காற்றுமானியின் எண்ணைப் பார்த்துச் சுருக்க வேண்டும். எத்தனை நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றுக்கு எவ்வளவு பாய் என்று படகைக் கட்டியவர்கள் அட்டவணை தந்திருப்பார்கள். அதைச் சுக்கான் அருகிலேயே ஒட்டிவையுங்கள். நான் ஒட்டியிருக்கிறேன்.

அந்த அட்டவணையைப் பார்த்துச் சிரித்தவர் என் கணவரின் நண்பர், பல காலம் ஒற்றை உடல் படகு ஓட்டியவர். அன்று காற்று நேர் பின்னால். உண்மைக் காற்று 22 நாட், படகின் வேகம் 7. ஆகவே தளத்தில் உணர்ந்தது 15 மட்டுமே. அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிப் படுத்திருந்தார். முதல் சுருக்கம் போடப் போகிறேன் என்றேன். "என்னம்மா, இந்தத் தென்றலுக்கா பாயைச் சுருக்குகிறாய்?" என்றார்.

பெரும்பாலான கேட்டமரான்களில் பாய்மரத்தைப் பின்னாலிருந்து பிடிக்கும் பின்வடம் கிடையாது. பக்க வடங்கள் பின்னோக்கிச் சரிந்திருக்கும். பின்காற்றில் முதன்மைப் பாய் அவற்றின்மேல் அழுந்திக் கிடப்பதால் இறக்குவது பெரும்பாடு. எங்கள் படகில் காற்றை நோக்கித் திரும்பித்தான் சுருக்க முடியும். திரும்பியதும் உணரும் காற்று 28 நாட் ஆகிவிடும். காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும். 15 எங்கே, 28 எங்கே? மூன்றரை மடங்கு. இன்னும் வலுத்த பிறகு திரும்பினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சினை ஓடவிட்டுத் திருப்பினேன். பாய் படபடத்தது. ஏற்றுக்கயிற்றில் நான் சிவப்பு நூல் சுற்றி வைத்த அடையாளம் பிடிப்பான்வரை வரும்படி இறக்கி, பாயின் முன்னோர வளையத்தைக் கொக்கியில் மாட்டி, பின்னோரக் கயிற்றை வின்ச்சில், அதாவது கயிறு இறுக்கும் உருளையில், இறுக்கினேன். படுத்திருந்தவர் எழுந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தொப்பி ஏற்கெனவே கடலில். அடுத்து வந்த மழைக்காற்றில் மானி 30-ஐத் தாண்டியது, படகு நிதானமாக ஓடியது. அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. "படகு நல்ல படகு" என்றார், அவ்வளவுதான்.

ஒற்றை உடல்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். கவிழ்ந்தால் நிமிராது என்பீர்கள், ஆமாம், நிமிராது. தலைகீழாகவும் மிதந்துகொண்டிருக்கும், அதற்காகத்தான் பலவற்றில் உடலின் உட்பக்கத்தில் தப்பிக்கும் கதவு வைக்கிறார்கள். அடியில் ஈயப் பாரம் (கீல்) உள்ள ஒற்றை உடல் படகில் ஓட்டை விழுந்தால் அது எங்கே போகும் என்று நான் கேட்கப் போவதில்லை.

காற்றைக் குறுக்கே கடந்து திரும்புவதையும் புதிதாகப் பழக வேண்டும். எடை குறைந்த படகு, உந்தம் சீக்கிரம் தீர்ந்துவிடும். நல்ல வேகம் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். அணியம் (படகின் முன்முனை) காற்றைக் கடக்கும்வரை முன்பாயை விடாமல் பிடித்திருங்கள், அதுவே தள்ளிவிடும். நடுவில் நின்றுபோய்ப் பின்னால் நகர ஆரம்பித்தால் சுக்கான் எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். துறையில் கட்டும்போது சுக்கானை நடுவில் நிறுத்தி, இரண்டு எஞ்சின்களால் மட்டும் திருப்புங்கள். இடது எஞ்சின் முன்னோக்கி, வலது பின்னோக்கி என்றால் அணியம் வலப்பக்கம் திரும்பும். பக்கக் காற்று அந்த உயரமான உடலைத் தள்ளிக்கொண்டே போகும் என்பதால், முதலில் திறந்த நீரில் ஒரு மிதவையைத் துறையாகப் பாவித்துப் பழகுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் படகில் எஞ்சின்கள் என் பொறுப்பு. கணவருக்குக் கடல் குமட்டல். எஞ்சின் அறைக்குள் தலையைக்கூட விடமாட்டார். ஆனால் பழுது பார்க்க வந்தவர் கேள்வியெல்லாம் அவரிடமே கேட்டார். கணவர் என்னைப் பார்ப்பார், நான் பதில் சொல்வேன், வந்தவர் அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்பார். காப்பீட்டு விண்ணப்பத்தில் கேப்டன் என்று என் பெயரை எழுதியிருந்தும் அழைப்பு அவருக்குத்தான் வந்தது. 1955-56இல் பிரிட்டிஷ் கேட்டமரான் வடிவமைப்பாளர் ஜேம்ஸ் வார்ரம் தாமே கட்டிய இருபத்து மூன்றரை அடி இரட்டை உடல் படகில் அட்லாண்டிக்கைக் கடந்தபோது உடன் சென்ற மாலுமிகள் இருவருமே பெண்கள். அறுபது எழுபது ஆண்டுகள் கழித்தும் இந்த நிலைமை. உங்கள் வீட்டில் யார் ஓட்டப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, இருவரும் பழகுங்கள்.

பட்டியலில் இல்லாவிட்டால் ஒன்றை மட்டும் உடனே சேர்த்துக்கொள்ளுங்கள். நங்கூரம் போட்டதும் இரண்டு அணியங்களிலிருந்தும் ஒவ்வொரு கயிறாக இறக்கிச் சங்கிலியில் கொக்கியால் மாட்ட வேண்டும். இல்லையென்றால் படகு இரவெல்லாம் அங்குமிங்கும் அலையும், இழுவை முழுவதும் நங்கூரம் தூக்கும் வின்ச்சின்மேல் விழும். அந்தக் கயிறு நைலானாக இருக்கட்டும். டைனீமா என்னும் செயற்கை இழைக் கயிறு வலுவானது என்று விற்பார்கள். வலுவானதுதான், ஆனால் நீளாது, அலையின் வெட்டிழுப்பை அப்படியே படகுக்குக் கடத்தும்.